சினிமாட்டோகிராஃபிக்கு ஃபிலிம் ஸ்கூல் போகலாமா, இல்ல நேரா அசிஸ்டன்ட்டா சேரலாமா? கொஞ்சம் வழி சொல்லுங்க

வியூஃபைண்டர்_திண்டுக்கல்:
எல்லாருக்கும் வணக்கம். நான் திண்டுக்கல் பக்கம், பொண்ணு, வயசு 22, பி.காம் முடிச்சாச்சு. அப்பா ஸ்டுடியோ வச்சிருக்கார். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்புன்னு எல்லா ஆர்டரும் எடுப்போம். ப்ளஸ் ஒன் படிக்கும்போதே நானும் கேமராவ தூக்கிட்டு அவர்கூட போக ஆரம்பிச்சேன், இப்ப வீடியோ முழுக்க நான்தான், எடிட்டும் கலரும் நானே பண்றேன். எனக்கு சினிமா ஒளிப்பதிவுதான் வேணும், அதுல ரெண்டாவது யோசனையே இல்ல. குழப்பம் எல்லாம் எப்படி உள்ள போறதுங்கறதுலதான். சென்னையில ஒரு தனியார் இன்ஸ்டிடியூட்ல ரெண்டு வருஷ கோர்ஸ் பார்த்து வச்சிருக்கேன், ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடுன்னு எல்லாம் சேர்த்தா பத்து லட்சத்த தாண்டுது, அதுல ஏழு லட்சம் லோன் போட்டுதான் ஆகணும். அப்பா சரிங்கறார். அம்மா வாய்விட்டு ஒண்ணும் சொல்லல, ஆனா கையில இருந்து போடப்போற மீதிப் பணம் தங்கச்சி கல்யாணத்துக்குன்னு நினைச்சதுன்னு எனக்கு தெரியும். மாமா ஒருத்தர் யூடியூப்ல இல்லாததயா அங்க சொல்லித்தர போறாங்கன்னு கேக்குறார். ரெண்டு மூணு டிஓபிக்கு (ஒளிப்பதிவாளர்) இன்ஸ்டால மெசேஜ் போட்டு பார்த்தேன், ஒருத்தரும் பாக்கவே இல்ல. இந்த ஃபீல்டுல இருக்குறவங்க உண்மைய சொல்லுங்க ப்ளீஸ்.

சாலிகிராமம்வாசி:
போகாத தங்கச்சி. நான் டைரக்‌ஷன் சைடு, இப்ப அசோசியேட். கார்த்திக் சுப்புராஜ் இன்ஜினியரிங் படிச்சுட்டு ஐடில இருந்து ஷார்ட் ஃபிலிம் எடுத்து வந்தவர், லோகேஷ் பேங்க்ல வேலை பார்த்தவர், மணிரத்னம் சார் எம்பிஏ, இவங்கள்லாம் எந்த ஸ்கூலுக்கு போனாங்க? கேமராவுலயே பாரு, கே.வி. ஆனந்த் சார் பத்திரிகைக்கு போட்டோ எடுத்துட்டு இருந்தவர், அப்புறம் ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் சார்கிட்ட சேர்ந்தார், ஒளிப்பதிவாளரா பண்ண முதல் படத்துலயே தேசிய விருது. பத்து லட்சத்த கொண்டுபோய் ஒரு கட்டடத்துல கொட்டுறதுக்கு பதிலா அதுல பாதிய வச்சு சென்னையில ரூம் எடுத்து ரெண்டு வருஷம் இரு, வாய்ப்பு தேடு, செட்டுல கத்துக்கறது எந்த கிளாஸ்லயும் வராது. எங்க டைரக்டர் யார்கிட்டயும் சர்டிஃபிகேட் கேட்டு நான் பார்த்ததே இல்ல.

ஃபோகஸ்_மார்க்:
சாலிகிராமம் ப்ரோ, நீங்க சொன்னது டைரக்‌ஷனுக்கு நூத்துக்கு நூறு சரி. கேமராவுக்கு அப்படியே பொருந்தாது, அத கொஞ்சம் விளக்கமா சொல்றேன், தங்கச்சி பொறுமையா படி.

டைரக்‌ஷன் டிபார்ட்மென்ட்ல அசிஸ்டன்ட்டா சேர்ந்த முதல் நாள்லருந்தே டிஸ்கஷன்ல உக்கார வைப்பாங்க, சீன் பேப்பர் எழுத சொல்வாங்க, கிளாப் அடிக்க, கன்டினியூட்டி பாக்க, ஜூனியர் ஆர்ட்டிஸ்ட மேய்க்கன்னு எல்லாமே உன் கை வழியாதான் போகும். அதாவது தொழில் கண்ணு முன்னாடியே நடக்குது, நீயும் அதுல கை வைக்கிற. கேமராவுல அப்படி இல்லப்பா. ஒரு பெரிய படத்துல டிஓபிக்கு நாலஞ்சு அசிஸ்டன்ட் இருப்பாங்க, கேமரா ரென்டல் கம்பெனிலருந்து வருது, அது கூடவே அவங்க ஆளுங்களும் வருவாங்க. கடைசியா சேர்ந்த அசிஸ்டன்ட் லென்ஸ் பாக்ஸ் தூக்கலாம், பேட்டரி சார்ஜ் போடலாம், ஷாட் ரிப்போர்ட் எழுதலாம். கேமராவ ஆன் பண்ணி நீயா ஒரு ஃப்ரேம் வச்சு பாக்க எத்தன படம் ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஏன்னா அந்த கேமரா ஓடுற ஒவ்வொரு நிமிஷமும் தயாரிப்பாளர் காசு. உன்ன நம்பி அத யார் குடுப்பா?

நான் ஃபோகஸ் புல்லர், ஆள் அசைய அசைய ஃபோகஸ சரியா வச்சுக்கறதுதான் என் வேலை. 85 எம்எம் லென்ஸ நல்லா திறந்து டி 1.5ல க்ளோசப் வச்சா கண்ணு ஷார்ப்பா இருக்கும், காது அவுட்ல இருக்கும். ஹீரோயின் மூச்சு விட்டு அரை இன்ச் முன்னாடி வந்தாலே போச்சு. தரையில டேப் ஒட்டி மார்க் வச்சு, டேப் புடிச்சு அளந்து, ரிஹர்சல் பார்த்து, அப்புறமும் டேக்ல ஆள் மார்க்க தாண்டி நிப்பாங்க. இது கைக்கு பழகணும்னா நூறு தடவ சொதப்பணும். செட்டுல ரெண்டு தடவ சொதப்புனா மூணாவது நாள் வேற ஆள் நிப்பான். ஸ்கூல்ல சொதப்பலாம், அதுக்குதான் ஸ்கூல். என்னைக் கேட்டா ஃபிலிம் ஸ்கூல்ல நீ குடுக்குற காசு பாடத்துக்கு இல்ல, அடுத்தவன் காசு கரையாம தப்பு பண்றதுக்கு. கேமரா, சவுண்டு ரெண்டுக்கும் இது ரொம்ப பொருந்தும். எடிட்டிங்குக்கு கொஞ்சம் கம்மி, இப்ப வீட்டு லேப்டாப்லயே பண்ணிடலாம். டைரக்‌ஷனுக்கு இன்னும் கம்மி.

அதுக்காக பத்து லட்சம் குடுன்னும் சொல்லல. அத அப்புறம் பேசுவோம்.

தரமணி_பழசு:
ஃபோகஸ் தம்பி சொன்னத அப்படியே வழிமொழியுறேன். நான் சென்னை தரமணி அரசு ஃபிலிம் இன்ஸ்டிடியூட்ல ஒளிப்பதிவு படிச்சவன், ஃபிலிம் காலம். எங்க இன்ஸ்டிடியூட்டே 1945ல பாலிடெக்னிக்கோட ஒரு பகுதியா ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் சொல்லித்தரத்தான் ஆரம்பிச்சது. கையில தொழில் இருக்குற டிபார்ட்மென்டுக்குத்தான் பள்ளிக்கூடம் வேணும்னு அந்த காலத்துலயே தெரிஞ்சிருக்கு. பி.சி. ஸ்ரீராம், ராஜீவ் மேனன்லாம் அங்கருந்து வந்தவங்கதான். ஆபாவாணனும் அரவிந்தராஜும் அந்த மாணவர் கூட்டத்த வச்சு 1986ல ஊமை விழிகள் எடுத்தப்ப கோடம்பாக்கமே திரும்பி பார்த்துச்சு, அந்த படத்தோட பலமே டெக்னிக்கல்தான்.

எங்களுக்கு பயிற்சிக்கு குடுக்குறது 400 அடி ரோல். 35 எம்எம்ல அது நாலரை நிமிஷம்கூட வராது. அத வச்சு முழு எக்சர்சைசும் முடிக்கணும். அதனால கேமரா பட்டன தொடுறதுக்கு முன்னாடி லைட்மீட்டர தூக்கிட்டு முகத்துக்கு இந்தப்பக்கம் எவ்வளவு, அந்தப்பக்கம் எவ்வளவு, பின்னாடி சுவர் எவ்வளவுன்னு அளந்து நோட்ல எழுதி, வாத்தியார்கிட்ட காட்டி, அப்புறம்தான் ரோல். ஒரே ஒரு லைட்ட குடுத்து ஒரு முகத்த அஞ்சு விதமா காட்டுன்னு சொல்வாங்க. பகல் முழுக்க அதே முகம், அதே லைட்டு, வெளிச்சத்த திருப்பி விடுற தெர்மாகோல நகர்த்தி நகர்த்தி பாக்குறது மட்டும்தான் வேலை. அன்னைக்கு கடுப்பா இருக்கும். ஆனா அதுக்கப்புறம் எந்த ரூமுக்குள்ள போனாலும் முதல்ல ஜன்னல் எங்கன்னுதான் கண்ணு தேடும், இன்னைக்கும் அப்படித்தான்.

தங்கச்சி, அங்க இப்ப ப்ளஸ் டூ முடிச்சவங்களுக்கு நாலு வருஷ டிகிரி. அரசு நிறுவனம், தனியார் கேக்குறதுல ஒரு துளிதான் ஃபீஸ். ஆனா நீ ஏற்கனவே டிகிரி முடிச்சவ, மறுபடி நாலு வருஷம்னா வீட்ல கலந்து முடிவு பண்ணு. இத படிக்கிற ப்ளஸ் டூ பசங்க யாராவது இருந்தா முதல் அப்ளிகேஷன் தரமணிக்குதான் போடணும், மத்ததெல்லாம் அப்புறம்.

கட்_டு_கட்:
யூடியூப் மாமாவுக்கு என் பதில்: யூடியூப் பார்த்து எனக்கு எல்லா லைட்டிங் செட்டப்பும் தெரியும், ஆனா நான் போட்ட லைட்டு ஏன் அசிங்கமா இருக்குன்னு சொல்ல பக்கத்துல ஆள் இல்ல. அந்த ஆளுக்குதான் காசு.

பேங்க்_அண்ணாச்சி:
சினிமா தெரியாது, கடன் தெரியும், அத சொல்லிட்டு போறேன் மா. பொதுத்துறை பேங்க் கல்விக்கடன்ல நாலு லட்சம் வரை மார்ஜின், அதாவது நம்ம கையில இருந்து போடுற பங்கு, கேக்க மாட்டாங்க, ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு வேண்டாம், அப்பாவோ அம்மாவோ கூட கையெழுத்து போட்டா போதும். ஆனா கோர்ஸ் அரசாங்கமோ யுஜிசி மாதிரி அமைப்போ அங்கீகரிச்சதா இருக்கணும், இங்கதான் நிறைய தனியார் ஃபிலிம் டிப்ளமோ அடிபடும். அப்புறம் அவங்களே யாரையாவது ஃபைனான்ஸ் கம்பெனிய கை காட்டுவாங்க, வட்டி வேற மாதிரி இருக்கும். சேர்றதுக்கு முன்னாடி பேங்க்ல கோர்ஸ் பேர சொல்லி கேட்டுடு.

கணக்கு பாரு. ஏழு லட்சம், 10 சதவீத வட்டின்னு வச்சுக்கோ. படிக்கிற ரெண்டு வருஷமும் அதுக்கு மேல ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம், ஆனா வட்டி ஓடிட்டேதான் இருக்கும். அந்த மூணு வருஷம் முடியும்போது ஒன்பது லட்சத்துக்கு கிட்ட நிக்கும். பத்து வருஷத்துல அடைக்கணும்னா மாசம் 12,000 ரூபா கிட்ட வரும். படிப்பு முடிச்சு ஒரு வருஷம் கழிச்சு மாசா மாசம் 12,000 கட்டுற வருமானம் கேமரா அசிஸ்டன்ட்டுக்கு வருமான்னு இங்க இருக்குறவங்கதான் சொல்லணும்.

ஃபோகஸ்_மார்க்:
மாசா மாசம் வராது அண்ணாச்சி. ஷூட்டிங் இருந்தா பேட்டா (அன்னன்னைக்கு குடுக்குற படி) வரும், ஷெட்யூல் பிரேக் விட்டா ஒண்ணும் வராது, படம் பாதில நின்னா வர வேண்டியதும் வராது. முதல் ரெண்டு மூணு வருஷம் மாசச் சம்பளம்னு எதுவும் எதிர்பார்க்க முடியாது. நான் அப்புறம் பேசுவோம்னு சொன்னது இதத்தான். இஎம்ஐ தலைக்கு மேல இருந்தா பசங்க நல்ல டிஓபிகிட்ட கம்மி பேட்டாவுக்கு கத்துக்கறத விட்டுட்டு சீரியல், யூடியூப் விளம்பரம், திரும்ப கல்யாண வீடியோன்னு ஓட வேண்டியதாகிடுது. எந்த வேலைக்காக படிச்சாங்களோ அத செய்ய அந்தக் கடனே விடாது. என் கண்ணு முன்னாடி அப்படி போன நல்ல நல்ல பசங்க இருக்காங்க, வருத்தமா இருக்கு.

பேட்ச்மேட்:
நான் ஒரு தனியார் இன்ஸ்டிடியூட்ல படிச்சேன், பேர் வேண்டாம். ப்ராஸ்பெக்டஸ்ல பெரிய பெரிய ஒளிப்பதிவாளர் பேரெல்லாம் ஃபேகல்ட்டின்னு போட்டிருந்தாங்க, வந்தாங்க, துவக்க விழாவுக்கு வந்து போட்டோ எடுத்துட்டு போனாங்க. நல்ல கேமரா ஒண்ணே ஒண்ணுதான், க்ளாஸ் முழுக்க அத சுத்தி நிப்போம், ஒருத்தர் கை வைக்கிறதுக்குள்ள லன்ச் பெல் அடிச்சிடும். டிப்ளமோ படத்துக்கு லைட்டு, யூனிட், சாப்பாடு எல்லாம் நாமளே போட்டுக்கணும்னு கடைசி செமஸ்டர்லதான் சொன்னாங்க, அதுக்கு அப்பா நகைய அடமானம் வச்சார்.

அதனால நீ எங்க சேர்ந்தாலும் அட்மிஷன் ஆபீஸ்ல பேசுறத விட்டுட்டு அங்க இப்ப படிக்கிற பசங்கள வெளிய டீக்கடைல புடி. வாரத்துல எத்தன மணி நேரம் கேமரா உன் கையில இருக்குன்னு கேளு. தினமும் வர்ற வாத்தியார் யாருன்னு கேளு. போன பேட்ச் எடுத்த படத்த காட்ட சொல்லு, அதுவும் சிறந்த ஒண்ண மட்டும் இல்ல, சாதாரணமா வந்ததையும். டிப்ளமோ படச் செலவு ஃபீஸ்ல சேர்த்தியான்னு எழுத்துல வாங்கு.

ஆனா ஒண்ணு, அந்த பேட்ச் எனக்கு கிடைச்சது உண்மை. என்கூட சவுண்டு படிச்சவன் கூப்பிட்டுதான் என் முதல் வேலை வந்துச்சு, எங்க எடிட்டர்தான் இன்னைக்கு என் டைரக்டர அறிமுகப்படுத்துனான். சினிமால சொந்தக்காரங்க இல்லாதவங்களுக்கு இந்தக் கூட்டம்தான் எல்லாம். அத காசு குடுத்து வாங்குனேன்னு தோணினாலும் அது இல்லாம நான் இங்க இல்ல.

பூனா_ரிட்டர்ன்:
இவ்வளவு பேர் பேசியும் யாரும் புனே பக்கம் சரியா போகலையே. தங்கச்சி, நீ டிகிரி முடிச்சவ, எந்த டிகிரியா இருந்தாலும் எஃப்டிஐஐ, அதான் புனே ஃபிலிம் இன்ஸ்டிடியூட், ஒளிப்பதிவுக்கு எழுதலாம், கொல்கத்தா சத்யஜித் ரே இன்ஸ்டிடியூட்டும் அதே மாதிரிதான். ரெண்டுமே மத்திய அரசு, மூணு வருஷம். எழுத்துத் தேர்வு, அதுல தேறுனா நேர்ல கூப்பிட்டு பயிற்சி மாதிரி வச்சு இன்டர்வியூ. சீட்டு ரொம்ப கம்மி, போட்டி நாடு முழுக்க. ஆனா உள்ள போயிட்டா பழைய பிரபாத் ஸ்டுடியோ தளத்துலயே லைட்டு போட்டு கத்துக்கலாம், பாலு மகேந்திரா, சந்தோஷ் சிவன், ஃபௌசியா ஃபாத்திமாலாம் நடந்த வளாகம் அது. ரசூல் பூக்குட்டி அங்க சவுண்டு படிச்சவர்தான்.

குறையும் சொல்லிடறேன். மூணு வருஷம்னு போட்டிருந்தாலும் இழுத்த காலம் உண்டு. 2008ல சேர்ந்த பேட்ச்சோட டிப்ளமோ படங்கள் 2015லயும் முடியாம பெரிய பிரச்சனை ஆச்சு, அதே வருஷம்தான் மாணவர்களோட 139 நாள் ஸ்ட்ரைக்கும். அதனால போறதுக்கு முன்னாடி இப்ப இருக்குற பேட்ச் நேரத்துக்கு முடிக்குதான்னு சீனியர் யாரையாவது விசாரி. அங்க தொலைக்காட்சிப் பிரிவுல ஒரு வருஷ கோர்ஸும் இருக்கு, அத யாரும் கண்டுக்கறதில்ல. மைசூர்காரர் சிதானந்த நாயக், டாக்டருக்கு படிச்சவர், அந்த ஒரு வருஷ கோர்ஸ் முடிவுல எடுத்த குறும்படத்துக்குதான் 2024ல கேன்ஸ்ல மாணவர் படங்களுக்கான முதல் பரிசு கிடைச்சது.

இங்கிலீஷ் வராதே, ஹிந்தி வராதேன்னு பயந்து தமிழ்நாட்டு பிள்ளைங்க அப்ளை பண்ணாமலே விட்டுடறாங்க, அதுதான் எனக்கு ஆத்திரமா வருது. நான் போகும்போது ஹிந்தில தண்ணி கேக்க தெரியாது. ஆறு மாசத்துல வந்துடும்.

நிறக்குருடு_கேள்வி:
இடைல ஒரு டவுட். எனக்கு பச்சை சிவப்பு சரியா பிரிச்சு தெரியாது, எடிட்டிங் படிக்க ஆசை, புனேல எடுக்க மாட்டாங்களாமே?

பூனா_ரிட்டர்ன்:
முன்னாடி அப்படி இருந்துச்சு. எடிட்டிங்குக்கு தேர்வாகி இதே காரணத்தால சேர்க்காம விட்ட ஒருத்தர் கேஸ் போட்டார், 2022ல சுப்ரீம் கோர்ட் நிறக்குறைபாட்ட வச்சு ஒதுக்கக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. நம்பி அப்ளை பண்ணு.

ரெட்_ஹெட்:
நான் கேமரா அசிஸ்டன்ட், பொண்ணு. இது வரைக்கும் யாரும் பேசாத ஒண்ண பேசணும். பையனா இருந்தா வடபழனில ஒரு மேன்ஷன் ரூம்ல நாலு பேரோட படுத்துட்டு காலைல டிஓபி வீட்டு வாசல்ல போய் நிக்கலாம், வளசரவாக்கம் டீக்கடைல ரெண்டு மணி நேரம் நின்னா ரெண்டு பேர் பழக்கமாவாங்க. சாலிகிராமம் அண்ணா சொல்ற வழி அந்த டீக்கடைலதான் ஆரம்பிக்குது. நமக்கு அந்தக் கதவு பாதிதான் திறக்கும். பொண்ணு வெயிட் தூக்குமா, நைட் ஷூட்டுக்கு வருமா, அவுட்டோர்ல தனி ரூம் போடணுமேன்னு ப்ரொடக்‌ஷன்ல கணக்கு போட்டே தட்டி கழிப்பாங்க. வாயத் திறந்து இல்லன்னு சொல்ல மாட்டாங்க, கூப்பிட மாட்டாங்க, அவ்வளவுதான்.

பி.ஆர். விஜயலட்சுமி மேடம் 1985லயே தனியா ஒளிப்பதிவு பண்ணிட்டாங்க, அசோக் குமார் சார்கிட்ட இருந்தவங்க. ஆனா அவங்க பந்துலு சார் பொண்ணு, சினிமா வீடு. வெளியிலருந்து வர்ற பொண்ணுக்கு ஸ்கூல் பேர்தான் முதல் அறிமுகம். இன்ன இடத்துல படிச்சேன், இது என் டிப்ளமோன்னு ஒரு லிங்க் அனுப்ப முடியும்போது பேச்சே மாறும். இந்தியா முழுக்க பெண் ஒளிப்பதிவாளர்களுக்கு 2017லருந்து ஒரு கூட்டமைப்பு இருக்கு, ஃபௌசியா மேடம் முன்ன நின்னு ஆரம்பிச்சது, அதப் பத்தி தேடிப் படி. நான் சொல்றது, உனக்கு ஸ்கூல் வேணும், ஆனா கடன் இல்லாத ஸ்கூல்.

சாலிகிராமம்வாசி:
ரெட்_ஹெட் சொன்னது நியாயம்மா, டீக்கடை விஷயம் நூறு சதவீதம் உண்மை. எங்க ஆபீஸ்லயே பாக்குறேன். இன்னொரு வழியும் இருக்கு, வெற்றிமாறன் சார் ஆரம்பிச்ச திரை-பண்பாட்டு ஆய்வகம், வசதி இல்லாத, முதல் தலைமுறையா படிச்சு வர்ற பிள்ளைங்களுக்கு இலவசமா சொல்லித்தராங்க. நீ அதுக்கு பொருந்துவியான்னு அவங்க அறிவிப்பு வரும்போது பாரு. ஆனா ஏழு லட்சம் கடனுக்கு மட்டும் நான் இன்னும் எதிர்ப்புதான்.

வியூஃபைண்டர்_திண்டுக்கல்:
எல்லாத்தையும் ரெண்டு தடவ படிச்சேன், அப்பாவுக்கும் படிச்சு காட்டினேன். பேங்க் அண்ணாச்சி கணக்க பேப்பர்ல போட்டு பார்த்துட்டு, கடைய வேணா அடமானம் வச்சுக்கலாம்மான்னு கேட்டார், நான் வேண்டாம்னு சொல்லிட்டேன். நாங்க இங்க ஆர்டர் இல்லாத மாசம் எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும், அதுக்கு மேல 12,000 முடியாது. புனே, கொல்கத்தா ரெண்டுக்கும் எழுதுறேன். அது வர்ற வரைக்கும் முகூர்த்த சீசன்ல இங்க வேலை, மத்த மாசம் சென்னைல ஏதாவது கேமரா ரென்டல்ல சேர முடியுமான்னு பாக்கணும், சித்தி வீடு குரோம்பேட்டைல இருக்கு, தங்க பிரச்சனை இல்ல. ஒரு கேள்வி, இன்டர்வியூக்கு கல்யாண வீடியோவ காட்டலாமா? என்கிட்ட இருக்குறது அதுதான்.

ஃபோகஸ்_மார்க்:
ரென்டல் ரொம்ப நல்ல யோசனை. காலைல கேமரா வெளிய போகும்போது செக் பண்றது, ராத்திரி திரும்பி வரும்போது லென்ஸ துடைச்சு மவுண்ட் பாத்து எடுத்து வைக்கிறது, இதுலயே எல்லா பாடியும் லென்ஸும் கைக்கு பழகிடும், எந்த டிஓபி என்ன லென்ஸ் கேக்குறார்னும் தெரியும். பொண்ணுங்கள எடுக்குற இடம் ஒண்ணு ரெண்டு எனக்கு தெரியும், இன்பாக்ஸ்ல வா.

தரமணி_பழசு:
கல்யாண வீடியோவ தாராளமா காட்டு, ஆனா ட்ரோன் ஷாட்டும் ஸ்லோமோஷனும் வச்ச ஹைலைட்ஸ காட்டாத. மண்டபத்துல சீரியல் பல்ப் மஞ்சளா அடிக்கும், மேடைல வெள்ளை எல்இடி, நடுவுல ஹோமப் புகை, இந்த மூணுக்கும் நடுவுல பொண்ணு முகத்த எப்படி காப்பாத்துனன்னு ஒரு ஷாட் எடுத்து வை. ஏன் அந்த இடத்துல நின்ன, எந்த லைட்ட அணைக்க சொன்ன, எந்த லைட்டுக்கு வொயிட் பேலன்ஸ் (வெள்ளைய வெள்ளையாவே காட்டுற செட்டிங்) வச்சன்னு பேச தெரியணும், இன்டர்வியூல கேக்குறது அதத்தான் மா. கூடவே கல்யாணம் இல்லாத ஸ்டில்ஸ் ஒரு இருபது எடு. உங்க ஊர் பூ மார்க்கெட் விடிகாலைல எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும், அங்க ஃப்ளாஷ் இல்லாம ஒரே லென்ஸோட போ. எடுத்தத இங்க போடு, நான் பார்த்து சொல்றேன்.

வியூஃபைண்டர்_திண்டுக்கல்:
சரிங்க சார், இந்த வாரமே போறேன். 50 எம்எம் போதுமா, இல்ல 35 எடுத்துட்டு போகவா?

தரமணி_பழசு:
35. பக்கத்துல போய் எடுக்க பழகு.